நீமோவைப் பார்த்து அழுத பிள்ளைக்கு என்ன கெட்டுப்போயிற்று?

தலைமன்னாரில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியதற்காக எனக்குக் கண்டனம் வந்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதி வருபவன் நான். அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடமும் ஏச்சு வாங்கிப் பழகியிருக்கிறேன். ஒரு மீன்குஞ்சின் கதைக்காக ஏச்சு வாங்குவது இதுவே முதல் தடவை. ஆகையால் பதில் எழுதாமல் விடுவதாக இல்லை.

நடந்தது இதுதான். பாடசாலை விடுமுறையில் ஊர் இளைஞர்கள் சிலர் ஒரு புரொஜெக்டரை இரவலாக வாங்கி வந்திருந்தனர். வெள்ளைப் படுக்கை விரிப்பே திரை. கத்தோலிக்கப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், சைவப் பிள்ளைகள் என்று அறுபது எழுபது பேர் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் தாய்மார். வாசலில், உள்ளே வரவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல், கடற்றொழில் செய்யும் ஆண்கள் சிலர். என்ன படம் போடலாம் என்று இளைஞர்கள் என்னைக் கேட்டார்கள். ‘ஃபைண்டிங் நீமோ’ என்றேன். 2003ஆம் ஆண்டு பிக்சார் நிறுவனம் தயாரித்து, ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கி, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்ற படம். எங்களிடம் இருந்தது ஆங்கிலப் பிரதி. ஆகவே ஊமைப் படக் காலத்தில் திரையருகே நின்று கதை சொன்னவர்களைப் போல நானும் ஒரு பக்கமாக நின்று தமிழில் கதை சொன்னேன்.

படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ஒரு பெரிய மீன் வருகிறது. தாய் மீனும் நூற்றுக்கணக்கான முட்டைகளும் போய்விடுகின்றன. மிஞ்சியது தந்தை மீனும் ஒரேயொரு முட்டையும். நான் வாய் திறப்பதற்கு முன்னரே முன்வரிசைப் பிள்ளைகள் “சீலா! சீலா!” என்று கத்தினார்கள். மீனை இனங்காண இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என் தமிழாக்கம் தேவைப்படவில்லை. பிறகு மண்டபம் அமைதியாயிற்று. சில பிள்ளைகள் அழுதார்கள்.

மறுநாள் நன்கு படித்த, நான் மதிக்கின்ற நண்பர் ஒருவர் வீடு தேடி வந்தார். அவர் வைத்த குற்றச்சாட்டுகள் மூன்று. முதலாவது, இழப்புகளையே கண்ட ஊரில், தாய் இறக்கும் காட்சியைச் சின்னஞ்சிறுசுகளுக்குக் காட்டியது பிழை. இரண்டாவது, கார்ட்டூன் என்பது குழந்தைக்குச் சோறூட்டும்போது போட்டுவிடும் சாமான். அதற்கு ஊரையே கூட்டியது வீண்வேலை. மூன்றாவது, குடும்பத்தோடு பார்க்க நல்ல தமிழ்ப் படங்கள் இருக்க, வெள்ளைக்காரன் படம் எதற்கு?

ஒவ்வொன்றாக வருகிறேன்.

*

முதலாவது குற்றச்சாட்டு, சாவைக் காட்டக் கூடாது என்பது.

நண்பரே, உங்களையும் என்னையும் வளர்த்தவர்கள் எங்களுக்கு எதைக் காட்டி வளர்த்தார்கள்? நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்ட கதையை என் அம்மம்மா மடியில் படுத்துக்கொண்டு கேட்டவன் நான். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ பார்க்க யாழ்ப்பாணத்து மக்கள் பாயும் தலையணையும் கைக்குழந்தையுமாகப் போனார்கள். பாம்பு கடித்து இறந்த மகனைச் சுடலைக்குச் சுமந்து வரும் தாய், அவளிடமே கூலி கேட்கும் தகப்பன். அதைவிடக் கொடிய காட்சியை எந்த அனிமேஷன் நிறுவனம் எடுத்திருக்கிறது? எங்கள் மன்னார் வாசாப்புகளில் வேதசாட்சிகள் படும் பாட்டை விடிய விடியக் கண்கொட்டாமல் பார்த்த பிள்ளைகள்தாம் இன்று பாட்டன்மாராக இருக்கிறார்கள். ஒருவரும் கெட்டுப்போகவில்லை. அழுதார்கள், தூங்கினார்கள், மறுநாள் கேள்வி கேட்டார்கள்.

இந்தக் கரையின் கதையையும் எண்ணிப் பாருங்கள். 1914இல் ரயிலும் கப்பலும் இணைந்து, கொழும்பையும் சென்னையையும் தலைமன்னார் வழியாகத் தொடுத்தன. 1964 டிசம்பரில் அடித்த புயல் எதிர்க்கரையில் இருந்த தனுஷ்கோடியை, அங்கே வந்துகொண்டிருந்த ரயிலோடு சேர்த்துக் கொண்டுபோயிற்று. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலை நானே சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் போர் அதையும் நிறுத்தியது. 1990இல் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து விரட்டப்பட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் இரவோடிரவாக வள்ளமேறி மண்டபம் முகாமுக்குப் போயின. தண்டவாளம் பெயர்ந்து, பற்றை மூடி, 2015 மார்ச்சிலேதான் தலைமன்னார் பியருக்கு மறுபடி ரயில் வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்க, 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள் தனுஷ்கோடிக்கு அருகே மணல் திட்டில் கைக்குழந்தையோடு இறக்கிவிடப்பட்டு, இந்தியக் கடலோரக் காவல் படை வந்து மீட்கும்வரை வெயிலில் நின்றார்கள்.

இதைக் கண்டும் கேட்டும் வளரும் பிள்ளைக்கு உலகில் இழப்பு என்று ஒன்று இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைப் பற்றிப் பேச ஓர் இடம் இல்லை என்பதே அதன் குறை.

அன்று மண்டபத்தில் ஒரு சிறுவன் இருந்தான். அவனுடைய தகப்பன் சில ஆண்டுகளுக்கு முன் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. நண்பர் முக்கியமாக அவனைக் கருதித்தான் கோபப்பட்டார். அந்தக் கோபத்தின் பின்னால் இருக்கும் கருணையை நான் அறிவேன். ஆனால் படம் முடிந்தபின் அவன் என்ன சொன்னான் என்பது நண்பருக்குத் தெரியாது. படத்தில் தந்தை மீன் தன் மகனை எங்கும் விடுவதில்லை. பள்ளிக்கூடத்துக்குக்கூடத் தயங்கித் தயங்கித்தான் அனுப்புகிறது. எரிச்சலடைந்த குஞ்சு, தந்தையின் சொல்லை மீறி ஆழ்கடல் பக்கம் நீந்தி, சுழியோடி ஒருவனிடம் பிடிபட்டு, சிட்னி நகரத்துப் பல் வைத்தியர் ஒருவரின் கண்ணாடித் தொட்டிக்குப் போய்ச் சேருகிறது. சிறுவன் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: “எங்கட அம்மாவும் இப்பிடித்தான் ஐயா. முழங்கால் தண்ணிக்குக்கூட விடமாட்டா. இப்பதான் விளங்குது, ஏன் எண்டு.”

இந்த ஒரு வசனத்தை அவன் வாயிலிருந்து வரவழைக்க எத்தனை உளவளத்துணைப் பயிற்சிப் பட்டறைகள் தேவைப்பட்டிருக்கும்? அவனுடைய தாய் பின்வரிசையில் இருந்தார். அவரும் அந்தப் படத்தைத்தான் பார்த்தார். பிள்ளைக்கு ஒன்றுமே நடக்க விடமாட்டேன் என்று சபதம் செய்யும் தந்தையிடம், ஒன்றுமே நடக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை என்றே ஒன்று இராதே என்ற பொருளில் மறதிக்காரத் தோழி மீன் சொல்லும் இடம் வருகிறது. அதை நான் தமிழில் சொன்னபோது அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. படம் சொல்வது பிள்ளைக்கு மட்டுமான செய்தி இல்லை. அதில் பாதி, பெற்றோருக்கு எழுதப்பட்ட கடிதம். அந்தப் பாதியை வாசிக்கப் பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

*

இது என்னை இரண்டாவது குற்றச்சாட்டுக்குக் கொண்டுவருகிறது. கார்ட்டூன் என்பது சோறூட்டும்போது போட்டுவிடும் சாமானாம்.

அப்படி ஆக்கியவர்கள் யார்? கைத்தொலைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறையில் நாடகத் தொடர் பார்ப்பவர்கள் நாங்கள். பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் அது நல்ல படம் என்பது எங்கள் தீர்ப்பு. என்ன பார்க்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்: உங்கள் பிள்ளை கடந்த ஒரு மாதத்தில் பார்த்தவற்றில் ஐந்தின் பெயரை உங்களால் சொல்ல முடியுமா?

மறுபுறம், ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று நாங்கள் எதை எண்ணிப் போகிறோம்? முத்தக் காட்சி இல்லையென்றால் அது குடும்பப் படம். கழுத்தறுப்பு எத்தனை இருந்தாலும் பரவாயில்லை. இதே நண்பர் ஒரு பெரிய நட்சத்திரத்தின் படத்தைத் தம் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்ததைப் பெருமையோடு என்னிடம் சொன்னவர். அந்தப் படத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். அதுதான் பிரச்சினை. நீமோவில் ஒரு தாய் இறந்தாள், அறுபது பிள்ளைகளும் அவளை எண்ணினார்கள். மற்றதில் நூறு பேர் இறந்தார்கள், ஒருவரையும் யாரும் எண்ணவில்லை. பிள்ளையின் மனத்துக்கு எது கேடு?

இது என் தனிப்பட்ட எரிச்சல் என்று தள்ளிவிட வேண்டாம். 2025 ஆகஸ்டில் வெளியான ‘கூலி’ படத்துக்கு, அதன் வன்முறையைக் கருதி, இந்தியத் தணிக்கைக் குழு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் திரையரங்கில் பார்க்கக் கூடாது. அதை ‘யு/ஏ’ என்று மாற்றித் தருமாறு கேட்டுத் தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ரஜினிகாந்தோடு எனக்கு வழக்கில்லை. அவருடைய பழைய படங்களை ‘டெக்’ வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய் மணக்கும் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்த தலைமுறை நான். என் வழக்கு எங்களோடுதான். வளர்ந்தவர்களுக்கான படம் என்று சான்றிதழில் எழுதியிருந்தாலும், ‘என் பிள்ளை தலைவர் ரசிகன், எப்படி உள்ளே விடாமல் இருப்பாய்?’ என்று வாசலில் சண்டை பிடிப்பவர்கள் நாங்கள். ‘யு/ஏ’ பிரிவை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று மூன்றாகப் பிரித்து 2024இல் இந்தியாவில் புதிய விதிகள் வந்தன. நல்லதுதான். ஆனால் அவை பெற்றோருக்கான வழிகாட்டலே. வழிகாட்டலை வாசிக்காத பெற்றோருக்கு முப்பது பிரிவு வைத்தாலும் பயனில்லை.

ஆகவே என்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. சான்றிதழைவிட எளிமையானது. படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் பிள்ளையும் பெரியவரும் அதைப் பற்றிப் பேசினால் அது குடும்பப் படம். பேச ஒன்றுமில்லாமல் பிள்ளை தூங்கிப் போனால், அதில் எத்தனை வண்ண முயல்கள் துள்ளினாலும் அது வெறும் தாலாட்டு.

அந்த அளவுகோலில் நீமோ என்ன ஆயிற்று என்பதையும் சொல்கிறேன். படத்தின் முடிவில் ஒரு பெரிய மீன்பிடிப் படகின் வலையில் மீன் கூட்டம் அகப்படுகிறது. எல்லாரும் ஒன்றாகக் கீழ்நோக்கி நீந்துங்கள் என்று நீமோ சொல்கிறான். அத்தனை மீனும் சேர்ந்து இழுக்க, வலை அறுந்து விழுகிறது. மீனவர்களின் பிள்ளைகள் அறுபது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்! வாசலில் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “என்ன அண்ணன், இந்தப் படத்தில நாங்கள்தானோ கள்ளர்?”

நான் பதில் தேடுவதற்குள் அவருடைய மகன் திரும்பிச் சொன்னான்: “இல்லையப்பா, அது எங்கட வலையில்லை. அது றோலர் வலை.”

அவ்வளவுதான். அதன்பின் அரை மணி நேரம் அந்த வாசலில் நடந்த விவாதத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் வாசித்ததில்லை. இழுவைப் படகு கடலடியை வழித்து எடுக்கும்போது குஞ்சும் முட்டையும் பாரும் சேர்ந்து போகின்றன என்று ஒருவர் விளக்கினார். இலங்கையில் 2017இல் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து சட்டம் வந்தது பற்றியும், எதிர்க்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் இன்னும் எல்லை தாண்டுவது பற்றியும், அந்தப் படகுகளில் கூலிக்கு வருபவர்களும் எங்களைப் போன்ற ஏழைத் தமிழர்கள்தாம் என்பது பற்றியும் பேச்சு போயிற்று. பத்து வயதுப் பிள்ளைகள் நடுவில் நின்று கேட்டார்கள். சிலர் கேள்வியும் கேட்டார்கள். இது வீண்வேலை என்றால், நண்பரே, நான் இன்னும் பல தடவை வீண்வேலை செய்யச் சித்தமாக இருக்கிறேன்.

இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் இந்தியக் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராமாயணத்தை அனிமேஷன் படமாக எடுத்தார். 2025 ஜனவரியில் அது தமிழ்க் குரலோடும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அழகான படம். அதன் பழைய ஆங்கிலப் பதிப்பை உறவினர் வீடொன்றில் பிள்ளைகளோடு பார்த்தேன். வானரங்கள் பாலம் கட்டும் காட்சி வந்தபோது, எங்கள் மணல் திட்டுகளைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள் குதூகலித்தார்கள். பிறகு ஒரு சிறுமி கேட்டாள்: “அந்தப் பாலம் வந்து முடியிற இடம் எங்கட ஊர்தானே? அப்ப அரக்கர் எண்டுறது நாங்களா?”

எங்கள் கரையைத் தொடும் இரண்டு சித்திரப் படங்களிலும் பிள்ளைகளுக்கு இதே ஐயம் வருகிறது. ஒன்றில் மீனவன் வில்லன், மற்றதில் இலங்கைக்காரன் வில்லன். இதற்காகப் படத்தைத் தடைசெய் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சிறுமிக்குப் பதில் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நான் இருந்தேன். கதையை யார் சொல்கிறார்களோ அவர்கள் நிற்கும் கரையிலிருந்துதான் மற்றக் கரை தெரியும், நீ பெரியவளானதும் இந்தக் கரையிலிருந்து ஒரு கதை சொல் என்றேன். அவள் கைத்தொலைபேசியில் தனியே பார்த்திருந்தால் அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே கிடந்து புழுத்திருக்கும்.

*

மூன்றாவது குற்றச்சாட்டு, நல்ல தமிழ்ப் படம் இருக்க இது எதற்கு என்பது. இதில் நண்பரோடு நான் பாதி உடன்படுகிறேன். மீதிப் பாதியில்தான் என் கோபம் முழுவதும் இருக்கிறது.

ஒரு காலத்தில் இருந்தது, உண்மை. 1957இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் எஸ். வி. ரங்காராவின் கடோத்கசன் கல்யாணச் சமையல் சாதத்தை விழுங்கும் காட்சிக்குப் பேரனும் சிரித்தான், பாட்டனும் சிரித்தார். 1965இல் பி. ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. கப்பல், தீவு, அடிமைகள், கடற்கொள்ளையர். அந்தக் காலத்தில் இங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிப் போய் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு வந்த கதையை என் பெரியப்பா வாழ்நாள் முழுவதும் சொன்னார். சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் எங்கள் கைக்கு வந்தபோது, இரும்புக்கை மாயாவிக்காக வகுப்பறையில் அடி வாங்கியவர்கள் நாங்கள். சாகசம் தமிழுக்கு அந்நியமானதில்லை.

அதன் பிறகு? 2000ஆம் ஆண்டிலேயே சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் பாண்டவர் கதையை முப்பரிமாண அனிமேஷனாக எடுத்தது, ஆங்கிலத்தில். 2007இல் இளையராஜா இசையில் ‘இனிமே நாங்கதான்’ என்ற அனிமேஷன் படம் தமிழில் வந்து, சத்தமின்றிப் போயிற்று. 2014இல் ‘கோச்சடையான்’. அதிலும் பிள்ளைக்கு ஒரு பாத்திரத்தைப் படைப்பதைவிட, நட்சத்திரத்தின் முகத்தைக் கணினியில் வார்ப்பதிலேயே உழைப்பு முழுவதும் போயிற்று. நடிகர்கள் நடிக்கும் படங்களில் ‘பசங்க’ (2009) உண்டு. பீட்சாவுக்கு ஏங்கும் இரண்டு குடிசைப் பிள்ளைகளின் கதையான ‘காக்கா முட்டை’ (2015) உண்டு. விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2025 மே மாதம் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை நண்பர் எடுத்துக் காட்டினார். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வள்ளமேறி இராமேஸ்வரம் சேர்ந்து, சென்னையில் ஒளிந்து வாழும் தமிழ்க் குடும்பத்தின் கதை. நானும் சிரித்தேன், கண்ணும் கலங்கியது. எங்களைக் குண்டும் துப்பாக்கியும் இல்லாமல், சோறு சமைத்து அயலவரோடு பழகும் மனிதர்களாகக் காட்டியதற்கு அந்த இளம் இயக்குநருக்கு என் வணக்கம். என் அளவுகோலில் அது நல்ல குடும்பப் படம். ஆனால் எங்கள் பேச்சு அங்கே ஒளித்து வைக்க வேண்டிய ஒன்றாக வருகிறது என்பதையும் கவனியுங்கள். வாயைத் திறந்தால் யாரென்று தெரிந்துவிடும் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் பயம். கதைக்கு அது பொருத்தம்தான். ஆனாலும் எங்கள் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தமிழைத் திரையில் பயமில்லாமல் கேட்பது எப்போது?

2019இல் ‘லயன் கிங்’ தமிழில் வந்தது. சித்தார்த், அரவிந்த்சாமி, ரோபோ சங்கர், சிங்கம்புலி, மனோபாலா முதலியோர் குரல் கொடுத்தனர். நன்றாகவே இருந்தது. ஆப்பிரிக்கக் காட்டுப் பன்றி தமிழ்நாட்டுத் தமிழ் பேசினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. 2007இல் சுட்டி டிவி வந்த பின் எங்கள் பிள்ளைகள் டோராவிடம் தமிழ் கற்றார்கள். அதற்கும் நன்றி. தமிழ் ஒன்றுதான், அதில் எனக்குப் பிரிவினை இல்லை. அம்புலிமாமா வாசித்து வளர்ந்தவன் அப்படிப் பேச மாட்டான். ஆனால் ஆற்றுக்கு எத்தனையோ துறைகள் உண்டு. எங்கள் துறையிலும் ஒரு படி கட்டிக்கொள்ளக் கூடாதா?

இதே நாட்டில் சிங்களப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின் அங்கே மொழிமாற்றப் பணியை முன்னெடுத்தவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’வைத் தொகுத்தவர், ‘ஹந்தயா’ என்ற சிறுவர் படத்தை இயக்கியவர். அவர் பக்ஸ் பனி முயலை ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆக்கினார். டொக்டர் டூலிட்டிலை நல்ல மனதுள்ள ‘தொஸ்தர ஹொந்த ஹித’ ஆக்கினார். சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் சிங்களக் கிராமத்துப் பேச்சையும் கேலியையும் பாட்டையும் அதில் ஏற்றினார். 2011இல் அவர் மறைந்தபோது, நடுத்தர வயதுச் சிங்கள நண்பர்கள் தங்கள் சொந்தப் பாட்டனை இழந்ததுபோலக் கலங்கியதைக் கண்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. தமிழில் எங்களுக்கு ஒரு தொட்டவத்த இல்லையே என்ற பொறாமை.

அது அரச தொலைக்காட்சி, பணம் இருந்தது, எங்களுக்கு யார் தருவார்கள் என்று கேட்பீர்கள். சரி, அமெரிக்காவுக்குப் போவோம். 2016இல் இதே நீமோ, அமெரிக்கப் பழங்குடிகளில் ஒரு சாராரான நவாஹோ மக்களின் மொழியில் வெளியாயிற்று. அவர்களுடைய அருங்காட்சியகம் துணை நிற்க, அந்த மக்களே குரல் கொடுத்தார்கள். அம்மொழியைப் பேசுவோர் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டு ‘மோவானா’ நியூசிலாந்தின் மாவோரி மொழியில் வந்தது. இலங்கைத் தமிழர் தொகை 2012 கணக்கெடுப்பின்படி 22 இலட்சத்துக்கு மேல். மலையக மக்களும் முஸ்லிம் மக்களும் அதில் சேரவில்லை. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் என்று பரந்து கிடப்பவர்களையும் நான் எண்ணவில்லை. நவாஹோவுக்கு முடிந்தது எங்களுக்கு முடியாதா?

பணம் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். நட்சத்திரப் படத்தின் முதல் நாள் முதல் காட்சிக்குப் புலம்பெயர் நாடுகளில் நாங்கள் கொட்டும் பணம் எனக்குத் தெரியும். குரல் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். 2025 ஜனவரியில் மறைந்த குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவர் நாடகத்துக்கென ஒரு பரம்பரையையே உருவாக்கிவிட்டுப் போயிருக்கிறார். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாடகம் படித்த இளைஞர்கள் வேலையின்றி இருக்கிறார்கள். இல்லாதது அக்கறை ஒன்றுதான். கார்ட்டூன் தானே என்ற அந்த அலட்சியம்.

அந்த அலட்சியத்தின் விலை என்னவென்று எனக்கு வீட்டுக்குள்ளேயே தெரியும். ஸ்காபரோவில் இருக்கும் என் உறவினரின் ஆறு வயதுப் பேத்தி மோவானாவின் பாட்டுகளை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் பாடுவாள். தலைமன்னாரில் இருக்கும் அவளுடைய பூட்டி கடலைப் பற்றி ஆயிரம் கதை அறிந்தவர். இருவரும் வாரந்தோறும் காணொளி அழைப்பில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். சிரிப்பதோடு சரி. மோவானாவும் ஒரு பாட்டியின் சொல்லைக் கேட்டுக் கடலுக்குப் போனவள்தான். இதை அந்தக் கிழவிக்கு அவளுடைய தமிழில் சொல்ல ஆள் இருந்தால், அவர்கள் இருவருக்கும் பேச எவ்வளவு இருக்கும்!

*

நண்பருக்கு என் பதில் இவ்வளவுதான். பிள்ளை அழுதது, ஆம். அழுத பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாயோடு பேசியது. அதில் கெட்டுப்போனது எதுவும் எனக்குத் தெரியவில்லை. கெட்டுப்போகும் பிள்ளை, யாரும் பக்கத்தில் இல்லாமல், எந்த மொழி என்றுகூடத் தெரியாத ஏதோவொன்றைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை. அதன் வீட்டுக்கு யாரும் கண்டனத்தோடு போவதில்லை.

அடுத்த விடுமுறைக்கு ‘லயன் கிங்’ போடுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் தகப்பன் இறப்பார், இப்போதே சொல்லிவிடுகிறேன். அதில் வரும் கிழட்டுக் குரங்கு வசிப்பது ஒரு பெருக்கமரத்தில். மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் பார்த்தவர்கள் எங்கள் பிள்ளைகள். அந்த மரம் திரையில் வரும்போது அவர்கள் போடப்போகும் கூச்சலை நான் இப்போதே கேட்கிறேன்.

நண்பரும் தம் இரண்டு பிள்ளைகளோடு வர வேண்டும். வாசலில் நிற்காமல் உள்ளே வந்து பாயில் உட்கார வேண்டும். படம் முடிந்தபின், வீட்டுக்குப் போகும் வழியில் தம் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதை மறுநாள் வந்து எனக்குச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் கண்டனம் இருந்தால், தலை குனிந்து வாங்கிக்கொள்கிறேன்.